விவாத இழை: மூன்று பட்டியல்களிலும் ‘விவசாயி’ என்றுதான் இருக்கிறது, ஆனால் மூன்றும் ஒரே ஆள் இல்லை. தரவை எப்படி இணைப்பது?

படுவான்கரையான்

அனைவருக்கும் வணக்கம். மட்டக்களப்பு கொக்கட்டிச்சோலைப் பக்கத்துக் கமக்காரர் அமைப்புகள் சிலவற்றுக்காக ஒரு பொதுப் பதிவேட்டைத் தயாரிக்கும் வேலையை நானும் ஒரு நண்பரும் பொறுப்பெடுத்திருக்கிறோம். எங்கள் கையில் மூன்று பட்டியல்கள் உள்ளன. முதலாவது காணி இடாப்பிலிருந்து எடுத்தது. அதில் ஒரு நிரை (கிடைவரிசை) என்பது ஒரு காணித்துண்டு, பரப்பு ஏக்கர், றூட், பேர்ச்சஸில் உள்ளது. இரண்டாவது விதைநெல் கொடுத்த பட்டியல். அதில் ஒரு நிரை ஓர் ஆளைக் குறிக்கிறது, அளவு புசலில் உள்ளது. மூன்றாவது வெள்ள அழிவுக்கு நட்டஈடு கோரியவர்களின் பட்டியல். அது கிராம சேவகர் பிரிவு வாரியாக, குடும்பத்துக்கு ஒரு நிரையாக எழுதப்பட்டது.

மூன்றிலும் ‘விவசாயி பெயர்’ என்ற நிரல் (நெடுவரிசை) இருந்தபடியால், அந்த நிரலை வைத்தே மூன்றையும் இணைத்தோம். பெயர் ஒத்துவராத இடங்களில் வீட்டு விலாசத்தைக் கொண்டு பொருத்தினோம். செய்நிரல் ஒரு பிழைச்செய்தியும் காட்டவில்லை. அச்செடுத்து ஊரில் வாசித்துக் காட்டிய அன்றுதான் விளங்கியது. எழுபதைக் கடந்த ஓர் அம்மா தாளைக் கையில் பிடித்தபடி, “தம்பி, காணி என்டதான், சீதனமா வந்தது. ஆனா நான் வயலுக்குள்ள இறங்கி எட்டு வருசமாகுது. செய்யிறது மருமகன். விதைநெல் எடுத்ததும் அவர்தான். எல்லாத்தையும் என்ட பேரில போட்டா அவருக்கு ஒண்டும் கிடைக்காதே” என்றார். விலாசம் ஒன்றாக இருந்ததால் மருமகனை நாங்கள் அவருடைய நிரைக்குள் கரைத்துவிட்டிருந்தோம். அன்று மாலை வரை சரிபார்த்ததில் அதே வகைப் பிழை பல வீடுகளில் இருந்தது.

என் கேள்வி இதுதான். ஒவ்வொரு பட்டியலையும் மற்றப் பட்டியலுக்கு நேரடியாகப் பெயர்ப்பதா, அல்லது நடுவில் ஒரு பொது மாதிரியை (மூன்றுக்கும் பொதுவான அட்டவணை அமைப்பை) வைத்து அதன் வழியாகப் பெயர்ப்பதா? நிரலின் தலைப்பைக் கொண்டல்லாமல் அதன் பொருளைக் கொண்டு பெயர்ப்பது என்று வாசித்திருக்கிறேன், ஆனால் இரண்டு பேர் மட்டும் உள்ள எங்களைப் போன்றவர்கள் அதை எங்கிருந்து தொடங்க வேண்டும்?

கல்லடி_வாவி

தம்பி, அந்த அம்மா சொன்னதில் உங்கள் கேள்விக்கான விடையில் பாதி இருக்கிறது. காணி இடாப்பில் ‘விவசாயி’ என்றால் காணி யாருடையதோ அவர். விதைநெல் பட்டியலில் அந்தப் போகத்தில் விதைக்கிறவர். நட்டஈட்டுப் பட்டியலில் குடும்பத்தின் சார்பாகக் கையொப்பமிட்டவர். நிரலின் தலைப்பு ஒன்றாக இருக்கிறது. அந்தத் தலைப்பின் கீழ் கேட்கப்பட்ட கேள்வி மூன்று. ஒவ்வொரு நிரலுக்கும் மேலே ‘இந்தக் கட்டத்தை நிரப்பியவரிடம் என்ன கேட்கப்பட்டது?’ என்று ஒரு முழு வாக்கியமாக எழுதிப் பாருங்கள். எழுதி முடித்தபின் எந்த இரண்டு வாக்கியங்கள் ஒன்றாக இருக்கின்றனவோ அவற்றை மட்டும் நேராகப் பொருத்துங்கள்.

நேரடியா நடு மாதிரியா என்பதற்கு எண்ணிக்கையைப் பாருங்கள். மூன்று பட்டியல்களை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இரு திசையிலும் பெயர்த்தால் ஆறு பெயர்ப்புகள் வேண்டும். நடு மாதிரி வழியாகப் போனாலும் உள்ளே மூன்று, வெளியே மூன்று என்று அதே ஆறுதான். எனவே இன்றைக்கு உங்களுக்கு ஆதாயம் எதுவும் தெரியாது. நாளைக்குப் பசளை மானியப் பட்டியலும் காப்புறுதிப் பட்டியலும் வந்து ஐந்தாகும்போது நேரடி வழியில் இருபது, நடு மாதிரியில் பத்து.

ஆனால் எண்ணிக்கை மட்டும் காரணம் அன்று. நடு மாதிரியை எழுத உட்காரும்போதுதான் எந்தப் பட்டியலும் வெளிப்படையாகச் சொல்லாத ஒரு பொருள் கண்ணில் படும். உங்கள் விடயத்தில் அது ‘சாகுபடி’. ஆள் வேறு, காணித்துண்டு வேறு, போகம் வேறு. இந்த மூன்றும் சேரும் இடம் ஒரு சாகுபடி. அதில் ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு வகிபாகம் உண்டு. ஒரே துண்டுக்கு ஒரே போகத்தில் சொந்தக்காரர் ஒருவர், குத்தகைக்காரர் ஒருவர், முல்லைக்காரர் (வயலில் நின்று வேலை செய்கிறவர்) ஒருவர் என்று மூவர் இருக்கலாம். அடுத்த போகத்தில் குத்தகை கைமாறினால் ஆளையோ காணியையோ தொடாமல் சாகுபடி நிரையை மட்டும் புதிதாக எழுதலாம். 1970இல் கணினி அறிஞர் கொட், தரவை அட்டவணைகளாக வைக்கும் தொடர்புசார் மாதிரியை முன்வைத்தபின், 1976இல் பீட்டர் சென் பொருள்களையும் அவற்றுக்கிடையிலான உறவுகளையும் பிரித்து வரைந்து காட்டினார். உறவுக்கும் தனக்கென்று பண்புகள் இருக்கலாம் என்பது அவருடைய வரைபடத்தில் தெளிவாக இருக்கிறது. உங்களுடைய ‘வகிபாகம்’ அப்படிப்பட்ட ஒரு பண்புதான்.

எழுவான்

நான் மாறுபடுகிறேன். பத்து வருடமாகத் தரவுத்தள வேலை செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒன்டாலஜி, ஆர்.டி.எஃப். என்று தரவின் பொருளை முறைப்படி எழுதும் பெரிய முறைகளில் இறங்கிய சிறிய குழுக்கள் மாதிரியை வரைவதிலேயே காலத்தைக் கழித்து, கடைசியில் ஒரு பட்டியலையும் இணைக்காமல் விட்டதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு பேருக்கு ஒரு எக்செல் கோப்பும் பொருத்த அட்டவணை ஒன்றும் போதும். ‘இந்த நிரல் அந்த நிரலுக்குச் சமம்’ என்று எழுதி வேலையை முடியுங்கள். பிழை வந்தால் திருத்துங்கள்.

கல்லடி_வாவி

எக்செல் போதும் என்பதில் எனக்கும் உடன்பாடுதான். ஆர்.டி.எஃப். வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ‘சமம்’ என்ற ஒரே சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு பொருத்த அட்டவணை எழுதினால் அந்த அம்மாவுக்கு நடந்தது திரும்பவும் நடக்கும். உலகளாவிய வலைச் சேர்த்தியம் 2009இல் பரிந்துரையாக வெளியிட்ட ஸ்கோஸ் என்ற நியமத்திலிருந்து ஒரு விடயத்தை மட்டும் கடன் வாங்கலாம். அது இரண்டு கருத்துகளுக்கு இடையிலான பொருத்தத்தை ஐந்து வகையாகப் பிரிக்கிறது: முற்றும் ஒன்று, ஏறத்தாழ ஒன்று, அது இதைவிட அகன்றது, அது இதைவிடக் குறுகியது, தொடர்புடையது மட்டும். உங்கள் எக்செல்லில் ‘சமம்’ இருக்கும் இடத்தில் இந்த ஐந்தில் ஒன்றை எழுதினால் போதும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ‘முற்றும் ஒன்று’ என்பது சங்கிலியாகச் செல்லும். முதலாவதும் இரண்டாவதும் ஒன்று, இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்று என்றால் முதலாவதும் மூன்றாவதும் ஒன்று. ‘ஏறத்தாழ ஒன்று’ என்பதைச் சங்கிலியாகச் செல்லாதபடி வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். விதைக்கிறவர் ஏறத்தாழ நட்டஈடு பெறுபவர், நட்டஈடு பெறுபவர் ஏறத்தாழ காணிச் சொந்தக்காரர் என்று இரண்டு படி தாண்டினால், விதைக்கிறவர் சொந்தக்காரராகிவிடுவார். மருமகன் காணாமல் போனது இந்த வழியால்தான்.

சம்மாந்துறை_ஏர்

இந்த உரையாடலைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் பக்கத்து நெல் வியாபாரக் கணக்குகளை நெடுங்காலமாகப் பார்த்து வருகிறவன் நான். நீங்கள் எல்லோரும் ஆளைப் பற்றியே பேசுகிறீர்கள். அளவைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் இலக்கமாக எழுதப்பட்ட ஒன்றைப் பார்த்தால் அதற்குப் பொருள் ஒன்றுதான் என்று மனம் நம்பிவிடுகிறது.

புசலை எடுத்துக்கொள்ளுங்கள். பிறப்பில் அது கொள்ளளவு. பிரித்தானியப் புசல் ஒன்று எட்டு கலன், அதாவது 36 லீற்றருக்குச் சற்றுக் கூட. நம் நாட்டு நெல் கணக்கில் அதை 46 இறாத்தல் என்று எடைக்கு மாற்றி வைத்திருக்கிறோம், ஏறத்தாழ 20.9 கிலோ. கொள்ளளவு எடையாக மாறும்போது நெல்லின் இனமும் ஈரமும் அதற்குள் புகுந்துவிடுகின்றன. நெல் கொள்வனவில் ஈரப்பதன் 14 வீதம் என்று கேட்பது எல்லோருக்கும் தெரியும். 20 வீத ஈரத்தில் வெட்டி வந்த 100 கிலோ நெல்லை 14 வீதத்துக்குக் காயவிட்டால் 93 கிலோதான் நிற்கும். ஆகவே ‘விளைச்சல் 100’ என்ற நிரலை ‘விற்பனை 93’ என்ற நிரலோடு ஒப்பிட்டு, ஏழு கிலோ எங்கே போனது என்று ஒருவரைக் கேட்பது அநியாயம். எங்கேயும் போகவில்லை, வெயிலில் காய்ந்தது. மூடைக் கணக்கு இதைவிடச் சிக்கல். ஒரு வியாபாரியின் மூடை இன்னொருவரின் மூடையைவிடக் கனமாயிருக்கும், பட்டியலிலோ ‘12 மூடை’ என்று மட்டும் இருக்கும்.

அந்தக் காலத்தில் காணியையே விதைப்பால் சொன்னார்கள், இத்தனை அவண விதைப்பு என்று (அவணம் பழைய நெல் அளவு). அது பரப்பா, விதையின் அளவா? இரண்டும்தான். பழைய காணி உறுதியில் அப்படி எழுதியிருந்தால் அதை ஏக்கராக மாற்றி மூலத்தை அழித்துவிடாதீர்கள். எழுதியபடியே ஒரு நிரலில் வைத்துக்கொண்டு, மாற்றியதை வேறு நிரலில் எழுதி, எந்த விதத்தில் மாற்றினீர்கள் என்பதை மூன்றாவது நிரலில் எழுதுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நமக்கு நெல் வேறு, அரிசி வேறு, சோறு வேறு. வெளிநாட்டு அட்டவணைகளில் மூன்றுக்கும் ஒரே சொல் நிற்கும். ஐ.நா.வின் உணவு விவசாய அமைப்பு உற்பத்தியை நெல்லாகக் காட்டுகிறது; அமெரிக்க விவசாயத் திணைக்களம் தீட்டிய அரிசியாகக் காட்டுகிறது. குற்றினால் நெல்லின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் அரிசி. இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்ட ஒரு மாணவர், ஒரு வருடத்தில் உற்பத்தி மூன்றில் ஒன்று விழுந்ததாக எழுதி என்னிடம் கொண்டுவந்தார். பிள்ளை பிழை செய்யவில்லை, தலைப்புதான் அவரை ஏமாற்றியது. தமிழில் சிந்தித்திருந்தால் முதல் கேள்வியே ‘இது நெல்லா, அரிசியா?’ என்று வந்திருக்கும்.

படுவான்கரையான்

மிக்க நன்றி காக்கா. பரப்பு நிரலை இன்று திறந்து பார்த்தேன், மனம் கலங்கிப்போனது. 2 ஏக்கர் 1 றூட் 20 பேர்ச்சஸை ‘2-1-20’ என்று இடாப்பில் எழுதியிருக்கிறார்கள். எக்செல் அதைத் திகதி என்று எடுத்து, 2020ஆம் ஆண்டின் ஒரு நாளாக மாற்றி வைத்திருக்கிறது. ‘2.1.20’ என்பதுபோலப் புள்ளி வைத்து எழுதிய வேறு சில நிரைகளை நண்பர் தசம எண்ணாகவே வாசித்திருக்கிறார். ஏக்கருக்கு 160 பேர்ச்சஸ், றூட்டுக்கு 40 என்ற கணக்கில் இந்தப் பரப்பு 380 பேர்ச்சஸ், அதாவது 2.375 ஏக்கர். தசமமாக வாசித்தால் 2.12 ஏக்கர். கால் ஏக்கருக்கு மேல் ஒரு குடும்பத்துக்குக் குறைகிறது. இனி இந்த மூன்று பகுதிகளையும் மூன்று நிரல்களாகவே வைக்கப் போகிறேன்.

திருக்கோவில்_கரை

நான் சுகாதாரப் புள்ளிவிபரங்களைக் கற்பிக்கிறவள். இடத்தையும் காலத்தையும் பற்றி இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்ல விரும்புகிறேன்.

இடத்தின் பெயர் மாறாமல் இடம் மாறும். அம்பாறை மாவட்டம் 1961இல்தான் மட்டக்களப்பிலிருந்து பிரிந்தது. 1953 குடிசன மதிப்பீட்டில் உள்ள ‘மட்டக்களப்பு மாவட்டம்’ என்பதற்குள் இன்றைய அம்பாறையின் பெரும்பகுதி அடங்குகிறது. 1963இல் உள்ளதற்குள் அடங்காது. பெயரை மட்டும் நம்பி இரண்டையும் ஒரே கோட்டில் வரைந்தால் பத்து வருடத்தில் மக்கள்தொகை சரிந்ததாகத் தெரியும். பெயர் நிலைத்திருந்து எல்லை மாறும்போது, நடு மாதிரியில் ‘மட்டக்களப்பு மாவட்டம், 1961க்கு முன்’, ‘மட்டக்களப்பு மாவட்டம், 1961க்குப் பின்’ என்று இரண்டு பொருள்களாக வைப்பதுதான் நேர்மை.

எல்லை ஒன்று போலிருந்து பொருள் வேறாவதும் உண்டு. தேர்தல் தரவில் திகாமடுல்ல, நிருவாகத் தரவில் அம்பாறை. ஒன்று ஆசனங்களைக் கணக்கிடும் தேர்தல் மாவட்டம், மற்றது நிருவாக மாவட்டம். சுகாதாரத் தரவிலோ நாட்டில் மாவட்டங்கள் 25 இருக்க, பிராந்திய சுகாதார சேவைகள் பிரிவுகள் 26 வரும், ஏனென்றால் கல்முனை தனி நிரையாக நிற்கிறது. வாராந்தத் தொற்றுநோயியல் அறிக்கையில் உள்ள ‘அம்பாறை’ நிரையை எடுத்து அம்பாறை மாவட்டத்தின் மக்கள்தொகையால் வகுத்தால், கல்முனைப் பிராந்தியத்து நோயாளர்களை விட்டுவிட்டு அங்குள்ள மக்களை மட்டும் கணக்கில் சேர்க்கிறீர்கள். டெங்கு வீதம் உண்மையைவிடக் குறைந்து தெரியும். என் மாணவர்கள் இதை ஒவ்வொரு வருடமும் செய்கிறார்கள், நான் ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் வரைபடம் கீறி விளக்குகிறேன். தம்பி, உங்கள் பட்டியல்களிலும் கமநல சேவை நிலையத்தின் எல்லையும் பிரதேச செயலகத்தின் எல்லையும் ஒன்றா என்று முதலில் பாருங்கள்.

காலம் பற்றி: ‘வருடம்’ என்ற நிரல் உங்களிடம் இருந்தால் அதை அகற்றிவிட்டுப் ‘போகம்’ என்று வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் விதைத்து மாசி, பங்குனியில் வெட்டும் பெரும்போகம் இரண்டு நாட்காட்டி வருடங்களில் கால் வைக்கிறது. 2024 என்று மட்டும் எழுதினால் 2023/24 போகத்தின் அறுவடையும் 2024/25 போகத்தின் விதைப்பும் ஒரே கூடைக்குள் விழும். விதைநெல் பட்டியல் விதைப்புத் திகதியையும் நட்டஈட்டுப் பட்டியல் அழிவுத் திகதியையும் வைத்திருந்தால், ஒரே பயிர் இரண்டு வருடங்களில் இரண்டு பயிராகத் தெரியும்.

எழுவான்

முன்பு எழுதியதில் ஒரு பகுதியை மீளப் பெற்றுக்கொள்கிறேன். ‘பிழை வந்தால் திருத்துங்கள்’ என்றேன். இங்கே சொல்லப்பட்ட பிழைகள் எதுவும் தாமாக வெளியே வருகிறவை இல்லை. ஆனால் ஆளை அடையாளம் காண இத்தனை சிரமம் ஏன்? தேசிய அடையாள அட்டை இலக்கத்தை வைத்து இணைத்தால் தீர்ந்துவிடாதா?

கல்லடி_வாவி

பெருமளவு உதவும், ஆனால் அதையும் பொருள் அறிந்து வாசிக்க வேண்டும். பழைய இலக்கம் ஒன்பது இலக்கங்களும் ஓர் எழுத்தும். 2016 முதல் வந்த புதியது பன்னிரண்டு இலக்கங்கள். ஒரே ஆள் ஒரு பட்டியலில் பழையதாலும் இன்னொன்றில் புதியதாலும் பதியப்பட்டிருப்பார். பழையதன் முன்னால் 19 சேர்த்து, பிறந்தது வருடத்தின் எத்தனையாவது நாள் என்பதைக் குறிக்கும் மூன்று இலக்கங்களுக்குப் பின் ஒரு பூச்சியத்தை இட்டு, கடைசி எழுத்தை நீக்கினால் புதிய வடிவம் கிடைக்கும். அதைச் செய்தபின்தான் ஒப்பிட முடியும்.

அந்த மூன்று இலக்கங்களை வைத்துப் பிறந்த திகதியையும் கணக்கிடுவீர்களானால் கவனமாயிருங்கள். பெண்களுக்கு அதில் 500 கூட்டப்பட்டிருக்கும். இது பலருக்குத் தெரியும். பலருக்குத் தெரியாதது, அந்த எண்ணிக்கையில் எல்லா வருடத்திலும் பெப்ரவரி மாதத்துக்கு 29 நாள் உண்டு என்பது. 1975 மார்ச் முதலாம் திகதி பிறந்தவரின் அட்டையில் 061 என்று இருக்கும். கணினியின் வழமையான திகதிச் செயற்பாட்டிடம் ‘1975இன் 61ஆம் நாள்’ என்று கேட்டால் மார்ச் இரண்டு என்று சொல்லும். ஒரு நாள் பிழைக்கும். அந்த ஒரு நாளால் வேறு பட்டியலில் உள்ள சரியான திகதியோடு பொருந்தாமல், ஒரே ஆள் இரண்டு ஆளாவார்.

அத்துடன், அடையாள அட்டை இலக்கத்தைப் பொதுப் பதிவேட்டில் எல்லோரும் பார்க்கும்படி வைக்காதீர்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அது அந்த மக்கள் உங்களை நம்பித் தந்தது. இணைக்கும் வேலை முடிந்ததும் உங்களுக்குள் ஒரு தனி இலக்கத்தை உண்டாக்கி அதைப் பயன்படுத்துங்கள்.

சம்மாந்துறை_ஏர்

பெயர் பற்றியும் ஒரு வார்த்தை. வெளிநாட்டில் வரைந்த மாதிரிகளில் குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் கட்டாயமாக வரும். எங்கள் முஸ்லிம் பிள்ளைகளின் பெயருக்கு முன்னால் உள்ள மூன்று முதலெழுத்துகளில் தகப்பன் பெயரும் அதற்கு முந்தியவர் பெயரும் சேர்ந்திருக்கும். தமிழ்ப் பிள்ளைகளுக்கும் முதலெழுத்து தகப்பன் பெயர்தான். அதைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் இட்டால் தகப்பனும் மகனும் வெவ்வேறு குடும்பமாகிவிடுவார்கள். மருத்துவத் தரவுக்கான ஃபயர் நியமத்தில் முழுப் பெயரையும் எழுதியபடியே வைக்க ஒரு தனிப் புலம் இருக்கிறது. அதுபோல ஒன்றை உங்கள் மாதிரியிலும் வையுங்கள், பிரிப்பதைப் பிறகு பார்க்கலாம்.

படுவான்கரையான்

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். நடு மாதிரியில் இப்போது ஆள், காணித்துண்டு, போகம், சாகுபடி என்று நான்கு அட்டவணைகள் உள்ளன. பொருத்த அட்டவணையில் ‘சமம்’ என்ற சொல்லை நீக்கி, கல்லடி அக்கா சொன்ன ஐந்து வகைகளை எழுதினோம். முதலில் ‘சமம்’ என்று குறித்த பதினேழு நிரல்களில் ஆறு மட்டும்தான் ‘முற்றும் ஒன்று’ என்று நின்றன. மற்றவற்றை எழுதியவர்களிடம் போய்க் கேட்க வேண்டியிருந்தது.

நிரல்களின் விளக்க வாக்கியங்களைத் தமிழிலேயே அச்செடுத்து, வட்டைக் கூட்டத்தில் (வயற்பிரிவுக் கமக்காரர் கூட்டத்தில்) உரக்க வாசித்தோம். வகிபாகம் என்பதற்குச் சொந்தக்காரர், குத்தகைக்காரர், முல்லைக்காரர் என்று மூன்றை வாசித்ததும் அந்த வயற்பிரிவைப் பார்க்கும் வட்டை விதானை எழுந்து, “ஈட்டுக்குக் கொடுத்த காணி எங்க வரும்?” என்று கேட்டார். காசு கொடுத்தவர் காசு திரும்பும் வரைக்கும் அந்த வயலைச் செய்வார்; அவர் குத்தகை கட்டுவதில்லை, காணியும் அவருடையதில்லை. எங்கள் மாதிரியில் அவருக்கு இடமே இருக்கவில்லை. இரண்டு பட்டியல்களில் அவர்களைக் குத்தகைக்காரர் என்றும் ஒன்றில் சொந்தக்காரர் என்றும் பதிந்திருந்தார்கள்.

‘ஈட்டுக்காரர்’ என்று நான்காவது வகிபாகத்தைச் சேர்த்து, அந்த நிரைகளை ஒவ்வொன்றாக வீட்டுக்குப் போய் விசாரித்துத் திருத்துகிறோம். அந்த அம்மாவின் நிரையை முதலில் திருத்தினேன். காணி அவருடைய பெயரில், இந்தப் பெரும்போகச் சாகுபடி மருமகனின் பெயரில். தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, மருமகனின் முதலெழுத்து பிழை என்று சொல்லி அதையும் திருத்தித் தந்தார்.